கிளாரினெட் சூசை எடுத்த படமும் நான் கேட்ட மூச்சும்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி இருக்கும். ராசிபுரத்தில் தம்பி வீட்டுச் சமையலறையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. திரையில் 'ரீத்தாக்கா' என்று சூசை மாஸ்டரின் மனைவி பெயரைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். ஆறு வருடமாக அந்தப் பெயர் தெரிந்தாலே கெட்ட செய்திதான் என்று நினைத்துக்கொள்வேன். ஈகைத் திருநாளுக்கு வாழ்த்துச் சொல்ல அக்கா கூப்பிட்டாலும் மூன்று முறை அடித்த பிறகுதான் எடுப்பேன்.

"பரீதா, அவரு போயிட்டாரும்மா. விடியக்காலம், தூக்கத்துலயே. மூச்சுக்குக் கஷ்டப்படலை. நீ அதைத்தான் கேப்பேன்னு தெரியும், அதான் மொதல்லயே சொல்லிப்புட்டேன்."

அதைத்தான் கேட்க நினைத்திருந்தேன். அக்காவே சொல்லிவிட்டதால் எனக்குக் கேட்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

எங்கள் மாஸ்டர் கிளாரினெட் சூசைராஜைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பள்ளிபாளையம் பக்கத்தில் ஒரு கிறித்தவப் பங்குக் கோயிலின் பேண்டு செட்டில் ஊதத் தொடங்கி, சேலத்தில் குடியேறி, கடல் கடந்தும் மேடை ஏறியவர். 'ஒரே மூச்சு சூசை' என்று சுவரொட்டியில் போட்டால் மண்டபம் நிறைந்துவிடும். ஒரு நீண்ட ராகச் சங்கதியை அவர் மூச்சு விடாமல் இழுத்துக்கொண்டே போகும்போது, கேட்பவர்கள் தங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். இதையெல்லாம் இந்த இரண்டு வாரத்தில் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அவர் எடுத்த படத்தைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை. இறந்தவரின் மானத்தைக் காப்பாற்றுகிறார்களாம். எனக்கு அந்த நாகரிகம் போதாது. அந்தப் படத்தின் ஒலிப்பதிவாளர் நான்தான்.

படத்தின் பெயர் 'நான் ஊதினால் ஊர் நிற்கும்'. கதை, வசனம், பாட்டு, இசை, இயக்கம், தயாரிப்பு, கதாநாயகன் எல்லாம் அவரே. டிக்கெட் கிழிப்பதற்கு மட்டும் வெளியாள். அறுபத்திரண்டு வயதில் இருபத்தெட்டு வயது லாரி டிரைவராக வந்தார். கதாநாயகன் கிளாரினெட்டை எடுத்து ஊதினால் ரவுடிகள் ஓங்கிய கட்டையோடு அப்படியே நின்று கண்ணீர் விடுவார்கள். இரண்டு இடத்தில் மழை பெய்யும். கதை சொல்லி முடித்து, "எப்படி இருக்குது?" என்று மாஸ்டர் கேட்டபோது கேமராமேன் பழனி என் காலை மிதித்தார். "நல்லா இருக்குதுங்க மாஸ்டர்" என்று நாங்கள் ஏழெட்டுப் பேரும் ஒரே குரலில் சொன்னோம்.

அவ்வளவு பயம் அவரிடம். கத்தவெல்லாம் மாட்டார். பிடிக்காததைச் சொன்னால் வாயை மூடிக்கொண்டு, கிளாரினெட்டின் வாயில் இருக்கும் மெல்லிய ரீடைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். துடைத்து முடிக்கும்வரை எதிரில் இருப்பவர் நகர முடியாது. விக் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்ட மேக்கப்காரர் முன்னால் முக்கால் மணி நேரம் துடைத்தார். அதன்பிறகு படப்பிடிப்பில் அந்த விக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. படம் பார்த்தவர்கள்தான் பேசினார்கள்.

பேசுவதையும் ஊதுவதையும் அந்தந்த இடத்திலேயே பதிவு செய்ய வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். "என்ற மூச்சுக்கு எவன் டப்பிங் குடுப்பான்?" என்று கேட்டார். அதனால்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. காலையில் அவர் நெஞ்சில் ஒரு சின்ன மைக்கை ஒட்டிவிட்டால் சாயங்காலம்தான் கழற்றுவேன். ஷாட் இல்லாத நேரத்திலும் அது திறந்தே இருக்கும். நடிகர்கள் அதை மறந்துவிடுவார்கள். அவர்கள் திட்டுவது, அழுவது, வயிறு இரைவது எல்லாம் எங்கள் ஹெட்போனுக்கு வந்து சேரும். அப்படிக் கேட்ட எதையும் ஒலிப்பதிவாளர் வெளியே சொல்லக்கூடாது. எங்கும் எழுதி வைக்காத சட்டம் அது. மீறினால் அடுத்த படத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

ராசிபுரத்துக்கு வெளியே ஒரு கிளைச் சாலையில் லாரிக் காட்சி. கதாநாயகன் லாரி ஓட்டிக்கொண்டே கிளாரினெட் ஊத வேண்டும். மாஸ்டருக்கு மொபெட் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. லாரியை இன்னொரு வண்டியின் மேல் ஏற்றி இழுத்துக்கொண்டு போகலாம் என்றார் பழனி. மாஸ்டர் ரீடைக் கழற்றினார். பேச்சு அதோடு முடிந்தது. கடைசியில் நாமக்கல்லைச் சேர்ந்த நிஜ டிரைவர் சின்னுசாமி, கேமராவுக்குத் தெரியாமல் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து, மிதிகளுக்குக் காலை நீட்டி, ஸ்டியரிங்கின் கீழ்ப்பாதியைப் பிடித்துக்கொண்டார். குனிந்திருந்த அவர் கண்ணுக்குச் சாலை தெரியாது. பின்னால் படுக்கைப் பலகையில் ஒலிக்கருவியோடு ஒடுங்கியிருந்த எனக்குத் தெரியும். டேக் ஓடும்போது பேச முடியாது. ஆகவே சின்னுசாமியின் வலது தோளில் தட்டினால் வலது பக்கம், இடது தோளில் தட்டினால் இடது பக்கம் என்று ஏற்பாடு. லைசென்ஸ் இல்லாத நான் வாழ்க்கையில் ஓட்டிய ஒரே லாரி அது. எதிரே மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்தது. சின்னுசாமி 'மாரியாத்தா' என்று முணுமுணுத்தார். நான் 'யா அல்லாஹ்' என்றேன், வாய்க்குள்ளேயே. மாஸ்டர் கண்ணை மூடி ஊதிக்கொண்டிருந்தார். என் இரண்டு கையும் சின்னுசாமியின் இடது தோளில் விழுந்தன. டிராக்டர் ஒதுங்கிப் போய்விட்டது.

எல்லோரும் கைதட்டினார்கள். மாஸ்டர் இறங்கி ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் போனார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பார். என் ஹெட்போனில் அவர் மூச்சு வந்தது. உள்ளே இழுக்கும்போது மெல்லிய விசில். வெளியே விடும்போது பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும் சத்தம். டிராக்டரைப் பார்த்து வராத பயம் அப்போது வந்தது. என் அத்தா இறப்பதற்கு முந்தைய மாதங்களில் அடுத்த அறையிலிருந்து இதே சத்தம் கேட்டது. சளி என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தோம். இதயம் பழுதாகி நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது நாள் கடந்துவிட்டிருந்தது. காதை வைத்துப் பிழைக்கிறவள் நான். பெற்ற தகப்பனின் மூச்சைக் கவனிக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் தனியாகப் போனேன்.

"மாஸ்டர், உங்க மூச்சு சரியில்லீங்க. டாக்டரப் பாக்கோணுங்க."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். ரீடைத் தொடவில்லை. தொட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

"மைக்கு ஒட்டுனது படத்துக்கா சாமி, வைத்தியத்துக்கா?" என்றார். என்னைச் 'சாமி' என்றுதான் செல்லமாகக் கூப்பிடுவார்.

"மாஸ்டர், எங்கத்தாவுக்கும் இப்பிடித்தாங்க..."

"டாக்டரு படுன்னுதான் சொல்லுவான். ரீத்தா காதுக்குப் போச்சுன்னா அன்னிக்கே பேக்கப்பு. இன்னும் இருவது நாளு வேல இருக்குது." சோற்றைப் பிசைந்துகொண்டே மெதுவாகப் பேசினார். "நாப்பது வருசமா ஊதறேன் சாமி. சினிமாவுல எவனோ வாயில குச்சிய வெச்சுக்கிட்டு வெரல ஆட்டுவான். சத்தம் என்னுது. கச்சேரிக்கு வாரவங்க மூச்சத்தான் எண்ணறாங்க. கல்யாணத்துல ஊதுனா அத்தன பேரும் எலையத்தான் பாக்கறாங்க. ஒருக்காவாச்சும் சனமெல்லாம் இருட்டுல உக்காந்து என்ற மூஞ்சியப் பாக்கோணும். அதுக்குத்தான் இந்தக் கூத்து. இது கூத்துன்னு எனக்குத் தெரியாதா?"

தெரியும் என்று அதுவரை நான் நினைத்திருக்கவில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆட்டையாம்பட்டிக்கு அருகே ஒரு கரடு இருக்கிறது. சின்னப் பாறைக்குன்று. கதாநாயகன் அதன் படிகளில் ஓடி ஏறி உச்சியில் நின்று ஊத வேண்டும். முதல் டேக்கில் ஏறி ஊதிவிட்டார். ஊதி முடித்ததும் கேட்ட விசில் முன்னைவிட மோசம். அவரை எப்படியாவது ஒரு மணி நேரமாவது உட்கார வைக்க வேண்டும். படப்பிடிப்பில் எனக்கு இருக்கும் ஒரே அதிகாரத்தை எடுத்தேன். "சவுண்ட் நாட் ஓகே மாஸ்டர். கீழ தறிச் சத்தம் வருதுங்க. தறி நிக்கற வரைக்கும் உக்காந்திருக்கலாங்க" என்று பொய் சொன்னேன்.

"அட, இப்ப டீக்கு நிறுத்துவாங்க சாமி. மறுபடி ஓட்டறதுக்குள்ள எடுத்துரலாம்" என்று அவர் விறுவிறுவென்று படியிறங்கினார். தறிக்காரர்களுடைய டீ நேரம்கூட அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. நான் எழுந்து ஓடிப்போய்த் தடுப்பதற்குள் "ஆக்‌ஷன்" சொல்லியாகிவிட்டது. அவருக்கு ஓய்வு கொடுப்பதாக நினைத்துக்கொண்டு இன்னொரு முறை கரடு ஏற வைத்துவிட்டேன்.

உச்சிக்குப் போனார். ஊதினார். "கட்" என்றார். அதன்பிறகு என் ஹெட்போனில் எதுவும் வரவில்லை. ஒயர் பிடுங்கிக்கொண்டதோ என்று பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன். மேலே அவர் பாறையில் குனிந்து உட்கார்ந்திருந்தார், ஏதோ செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல. ஏழு எண்ணியாயிற்று. கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். எட்டில் அந்த விசில் வந்தது. அப்புறம் மைக்கை நோக்கிக் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "ஓகேவா சாமி?" என்றார்.

"சவுண்ட் ஓகே, மாஸ்டர்!" என்று கத்தினேன். உண்மையில் டேக்கின் பாதியிலேயே தறிகள் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டிருந்தன.

அந்த நொடியிலிருந்து படத்தில் எல்லாமே ஓகேதான். காதல் காட்சியில் ஏர் ஹாரன் அடித்தது, ஓகே. தாய் சாகும் காட்சியில் ஐஸ்காரர் மணி ஆட்டினார், ஓகே. ஆலைச் சங்கு, காக்கை, தேர்தல் ஆட்டோ, எல்லாம் ஓகே. என்னால் இன்னொரு டேக் என்று எதுவும் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். படம் வந்ததும், 'ஒலிப்பதிவாளர் தூங்கிவிட்டார் போலும்' என்று ஒருவர் விமர்சனம் எழுதினார். ஒன்றரை வருடம் என்னை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. தூங்கினேனா? அந்த இருபது நாளும் எனக்குத் தூக்கமே வரவில்லை.

கடைசிக் காட்சி பள்ளிபாளையத்தில், காவிரிக்குள். இடுப்பளவு தண்ணீரில் நின்று பத்து நிமிடம், ஒரே ஷாட். முடிவில் அவருடைய புகழ்பெற்ற ஒரே மூச்சு. அதற்காகவே படம் எடுப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஷாட்டில் அவர் தண்ணீரில் விழுந்துவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை அவர் ஆற்றங்கரையைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில், சேலத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். கேட்டைத் தாண்டி இரண்டு முறை நடந்துபோய்த் திரும்பினேன். தொழிலின் சட்டத்தையும் கொடுத்த வாக்கையும் ஒரே நாளில் உடைக்கப் போகிறவளுக்குக் கால் எப்படி வரும்? பூசை முடிந்து திரும்பிய ரீத்தாக்கா என்னைத் தெருவிலேயே பிடித்துவிட்டார்.

சொல்லி முடித்தேன். அக்கா அதிர்ச்சி அடையவில்லை.

"எனக்குத் தெரியாதா பரீதா? முப்பத்தாறு வருசமா அந்த மூச்சுக்குப் பக்கத்துலதான் படுக்கறேன்."

"அப்பறம் ஏனுங்கக்கா சும்மா இருக்கறீங்க?"

"நாஞ் சொன்னா, 'நீ என்ன டாக்டரா'ம்பாரு. பயமா இருக்குதுன்னு சொல்லி அழுவறதுக்குக்கூட ஒரு ஆளு இல்லாம இருந்தேன். இப்ப நீ வந்துட்ட." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆத்துக்கு நானும் வாரேன்."

சொன்னபடி வந்தார். காலை வெயில் ஏறத் தொடங்கிய நேரம். என் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்த அக்காவுக்கு இன்னொரு ஹெட்போன் மாட்டிவிட்டேன். மாஸ்டர் அக்காவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. ரீடைக் கழற்றுவார் என்று காத்திருந்தேன். கிளாரினெட்டோடு தண்ணீரில் இறங்கினார்.

ஒன்பது நிமிடம் ஊதினார். அப்படி அவர் ஊதி நான் கேட்டதில்லை. கடைசிச் சங்கதி தொடங்கியது. அக்கா ஒரு கையில் செபமாலையையும் மறு கையில் என் மணிக்கட்டையும் பிடித்திருந்தார். இசைக்கு அடியில் அந்த விசில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் கேட்டது. பாதி வழியில் சத்தம் நின்றது. அக்காவின் நகம் என் தோலில் பதிந்தது. மாஸ்டர் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்தார். எல்லோரும் பார்க்க, வாயைத் திறந்து, ஒரு மூச்சு வாங்கினார். மறுபடி வைத்து மீதியை ஊதி முடித்தார். அப்புறம் அவரே "கட்" சொன்னார்.

கரையேறி வந்தபோது விக் ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஒன் மோர் டேக் போகலாமா என்று பழனி கேட்டார். "வேண்டாம். மூச்சு இவ்வளவுதான்" என்றவர் அக்காவிடம் திரும்பி, "ரீத்தா, ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்றார்.

"துணிமணி, பணம் எல்லாம் எடுத்துட்டுத்தாங்க வந்திருக்கறேன். வண்டி ரோட்டு மேல நிக்குது."

இரண்டடி வைத்தவர் நின்றார். "ஆம்பியன்ஸ் எடுத்தியா சாமி?" என்று கேட்டார். ஒவ்வோர் இடத்திலும் வேலை முடிந்ததும் அந்த இடத்தின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்வோம். அதுவரை யாரும் அசையக்கூடாது, பேசக்கூடாது. "அப்பறம் பாத்துக்கலாங்க, கெளம்புங்க" என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. ஈரத்தோடு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் மைக் இருந்தது. பதிவு செய்தேன். ஆறு, பாலத்தில் போகும் பஸ், அவருடைய மூச்சு. அந்த ஒரு நிமிடம் முடிவதற்குள் நான் பயந்த பயத்தை என்னால் எழுத முடியவில்லை.

அந்த வாரமே இதய வால்வை மாற்றினார்கள். இன்னும் சில நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னதாக அக்கா பிறகு சொன்னார். அதன்பிறகு ஆறு வருடம் இருந்தார்.

படம் சேலத்தில் நான்கு நாள் ஓடியது. மூன்றாம் நாள் மாலைக் காட்சிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். திரைக்குப் பக்கத்தில், திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று சனங்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகங்கள் கொஞ்சம்தான். விக்கைப் பார்த்துச் சிரித்தார்கள், மழையைப் பார்த்துச் சிரித்தார்கள், போனைப் பார்த்தார்கள். ஆற்றுக் காட்சி வந்தது. அவர் வாய் திறந்து மூச்சு வாங்கும் இடத்தில் மூன்றாவது வரிசையில் ஒரு பெண், கையிலிருந்த முறுக்கை வாய்க்குக் கொண்டுபோகாமல் தலையைத் தூக்கிப் பார்த்தாள். கடைசிவரை கண்ணை எடுக்கவில்லை.

"ஒருத்தி பாத்தா சாமி" என்றார் வெளியே வந்ததும். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். கொஞ்ச தூரம் நடந்தபின், "தறி ஓடுச்சு, ஐஸ் வண்டி வந்துச்சு, எல்லாத்துக்கும் ஓகேன்ன. அந்தப் படத்துலயே நல்லா நடிச்சது நீதான்" என்றார். நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன். அத்தனை நாளும் தெரிந்தேதான் இருந்திருக்கிறார்.

பிறகு அவர் சுவரொட்டிகளில் 'ஒரே மூச்சு' என்று போடவிடவில்லை. மேடையில் சங்கதிக்கு நடுவே எல்லோர் முன்னாலும் வாயைத் திறந்து மூச்சு வாங்குவார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பேன். அடக்கத்தன்று கோயிலில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதும் என்னை அறியாமல் எண்ணினேன். எட்டைத் தாண்டியும் எண்ணினேன். ரீத்தாக்கா வந்து என் கையைப் பிடித்து, "போதும் சாமி" என்றார்.

படம் இப்போது யாரிடமும் இல்லை. என்னிடம் அந்த ஒரு நிமிடம் இருக்கிறது. அதை ஒருமுறைகூடப் போட்டுக் கேட்டதில்லை. அவர் உயிரோடு இருந்தவரை அவசியம் வரவில்லை, இப்போது தைரியம் வரவில்லை. நிமிடம் முடியும் இடத்தில் மூச்சும் முடியுமே என்று பயமாக இருக்கிறது. ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று தெரியும். ஐம்பது நொடி கழிந்ததும் மைக்கை நோக்கிக் குனிந்து, "ஓகேவா சாமி?" என்று கேட்பார். பதிவு ஓடிக்கொண்டிருந்ததால் நான் அப்போது பதில் சொல்லவில்லை.

ஓகேதாங்க மாஸ்டர். சத்தம் சுத்தமா இருக்குது. இன்னொரு டேக்குக்கு நீங்க எந்திரிக்க வேண்டாம்.